புகையிலைச் சட்டத்தில் ‘உற்பத்தியாளர்’ யார்?

நெல் விளைவிப்பவர் கதிரடித்துத் தூற்றி மூட்டை கட்டினால் வேலை முடிந்தது. அரிசியாக்குவது ஆலைக்காரரின் பாடு. புகையிலை விவசாயிக்கு அப்படி இல்லை. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கமானாலும், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் கிணற்றுப் பாசன மேட்டு நிலங்களானாலும், வேதாரண்யத்து மணல் கொல்லைகளானாலும், வயலில் பாதி வேலை, களத்தில் பாதி வேலை.

ஐப்பசி, கார்த்திகையில் நட்ட பயிரைக் கொழுந்து கிள்ளி, பக்கச் சிம்புகளை ஒடித்து வளர்த்து, தை, மாசியில் அடியோடு வெட்டுகிறார்கள். வெட்டிய செடியை வாட விட வேண்டும். பந்தலில் தொங்கவிட்டு வெயில் காட்ட வேண்டும். பிறகு இறக்கிப் போர் போட்டு, சூடு ஏறியதும் பிரித்து, மேலிருப்பதைக் கீழாகவும் கீழிருப்பதை மேலாகவும் மாற்றி அடுக்க வேண்டும். வேதாரண்யம் பக்கம் புகை போட்டுப் பாடம் செய்யும் வழக்கமும் உண்டு. சில இடங்களில் வெல்லக் கரைசலோ உப்பு நீரோ தெளிப்பார்கள். இத்தனையும் செய்தால்தான் இலைக்கு நிறமும் மணமும் காரமும் வரும். பாடம் செய்யாத பச்சை இலையை வாங்க வியாபாரி வருவதில்லை.

ஆகவே மெல்லும் புகையிலை பயிரிடுபவர் பாதி விவசாயி, பாதி உற்பத்தியாளர். ஊரில் யாரும் அவரை இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சிறு விவசாயியின் நன்மையும் தீமையும் இருக்கிறது.

2003-ஆம் ஆண்டின் சொல்

புகையிலைப் பண்டங்களின் விளம்பரம், விற்பனை, உற்பத்தி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் 2003-ல் வந்தது. சிகரெட், சுருட்டு, பீடி, மூக்குப்பொடி ஆகியவற்றோடு மெல்லும் புகையிலையும் அதன் அட்டவணையில் இருக்கிறது. ‘உற்பத்தி’ என்றால் என்ன என்பதற்கு அச்சட்டம் ஒரு விளக்கம் தருகிறது. பண்டத்தைச் செய்வது மட்டுமல்ல, பொட்டலம் கட்டுவதும், சீட்டு ஒட்டுவதும், மொத்தச் சிப்பத்தைப் பிரித்துச் சில்லறைப் பொட்டலமாக மாற்றுவதும் உற்பத்தியே. அதோடு விற்பனைக்கு ஏற்றதாக ஆக்கும் வேறு எந்த முறையும் உற்பத்தியில் அடங்கும்.

இந்தக் கடைசிச் சொற்றொடரை மீண்டும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். போர் போடுவதும், புகை காட்டுவதும், வெல்லக் கரைசல் தெளிப்பதும் விற்பனைக்கு ஏற்றதாக ஆக்கும் முறைகள் அல்லாமல் வேறென்ன? இதுவரை இதனால் விவசாயிக்குப் பெரிய இடைஞ்சல் வரவில்லை. உற்பத்தியாளர் மீது இச்சட்டம் சுமத்திய முக்கியக் கடமை பொட்டலத்தின் மேல் எச்சரிக்கைப் படம் அச்சிடுவது. 2016 ஏப்ரல் முதல் அந்தப் படம் பொட்டலத்தின் 85 சதவீதப் பரப்பை மூடவேண்டும் என்றானது. இலையைச் சிப்பமாகக் கட்டி வியாபாரிக்குப் போடும் விவசாயியிடம் அந்தப் பேச்சு எழவில்லை.

2020 டிசம்பர் கடைசியில் மத்தியச் சுகாதார அமைச்சகம் இச்சட்டத்துக்கு ஒரு திருத்த முன்வரைவை வெளியிட்டது. சிகரெட்டை உதிரியாக விற்கக் கூடாது, வாங்குபவர் வயது 18 அல்ல 21 ஆக இருக்கவேண்டும், பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் என்பன பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. உற்பத்திக்கும் வினியோகத்துக்கும் விற்பனைக்கும் பதிவும் உரிமமும் வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. பீடித் தொழிலாளர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். 2025 முடியும் வரை அந்த முன்வரைவு சட்டமாகவில்லை. ஆனால் ஒரு முறை எழுதப்பட்ட யோசனை கோப்பிலேயே இருக்கும். வேறொரு வேளையில் வேறொரு பெயரில் எழுந்து வரும்.

உரிமம் என்ற சொல்லும், ‘விற்பனைக்கு ஏற்றதாக ஆக்கும் எந்த முறையும்’ என்ற பழைய விளக்கமும் ஒன்று சேர்ந்தால், களத்தில் போர் போடும் ஒன்றரை ஏக்கர் விவசாயியும் உரிமம் கேட்டு நிற்க வேண்டி வருமா? முன்வரைவு இதற்குத் தெளிவான பதில் சொல்லவில்லை. பாடம் செய்யும் விவசாயியை நீக்கி ஒரு வரி எழுதியிருந்தால் கேள்வியே இல்லை.

வயதில் மூத்தவர்களுக்கு இது புது அனுபவமாக இராது. 1943 முதல் பாடம் செய்த புகையிலை இலைக்கே மத்தியக் கலால் தீர்வை இருந்தது. விளைந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும், தீர்வை விஷயம் முடியாமல் இலையை இடம் மாற்றக் கூடாது. 1979-ல்தான் அந்தச் சுமை விவசாயியின் தலையிலிருந்து இறங்கி, பண்டம் செய்யும் கம்பெனியின் மேல் போயிற்று.

அமெரிக்காவில் நடந்தது

சட்டத்தில் ஒரு விளக்கம் சிறு உற்பத்தியாளரை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் மின் சிகரெட் தொழில் நல்ல உதாரணம். மின் சிகரெட்டில் இலை எரிவதில்லை. புகையிலையிலிருந்து எடுத்த நிக்கோடினைக் கிளிசரின் போன்ற திரவத்தில் கலந்து, மணம் சேர்த்து, பாட்டரியால் சூடாக்கி, வரும் ஆவியை இழுக்கிறார்கள். அந்தத் திரவத்தைக் கலந்து விற்கும் சிறு கடைகள் அங்கே ஊருக்கு ஊர் தோன்றின. நான்கைந்து பேர் வேலை செய்யும் கடைகளே அதிகம். சிகரெட்டை விட்டவர்கள் பலர் தமக்குப் பிடித்த மணத்தையும், வேண்டிய அளவு நிக்கோடினையும் சொல்லிக் கலந்து வாங்கிப் போனார்கள்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே 2009 ஜூனில் வந்தது. அது முதலில் சிகரெட், மெல்லும் புகையிலை முதலியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. 2014 ஏப்ரலில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் மின் சிகரெட், சுருட்டு எல்லாவற்றையும் இதன் கீழ்க் கொண்டுவரப்போவதாக முன்வரைவு வெளியிட்டது. பொதுமக்களிடமிருந்து 1,35,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2016 மே மாதம் இறுதி விதி வந்தது. ஆகஸ்ட் 8 முதல் அமலுக்கு வந்தது.

இரண்டு விஷயங்கள் சிறு கடைக்காரரைச் சாய்த்தன. ஒன்று, கடையில் திரவத்தைக் கலப்பவர் எவரும் ‘உற்பத்தியாளர்’ என்று விதி சொல்லிற்று. அதாவது பல நூறு கோடி டாலர் புரளும் சிகரெட் கம்பெனிக்கும் தெருமுனைக் கடைக்காரருக்கும் ஒரே பெயர், ஒரே கடமை. மற்றொன்று ஒரு தேதி. 2007 பிப்ரவரி 15 அன்று சந்தையில் இருந்த பண்டத்துக்குச் சமமானது என்று காட்ட முடிந்தால் எளிய வழி உண்டு. மற்றவை ஒவ்வொன்றும் முழு விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்கவேண்டும். அந்தத் தேதியில் மின் சிகரெட் அமெரிக்கச் சந்தையில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே எல்லாமே நீண்ட வழியில்தான் போகவேண்டும். பண்டத்தின் சேர்மானம், செய்முறை, உடலுக்கு என்ன செய்யும், புதிதாக எத்தனை இளைஞரை இழுக்கும், சிகரெட்டிலிருந்து எத்தனை பேரை மீட்கும், சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று ஆய்வோடு எழுதிக் கொடுக்கவேண்டும். ஒரு மணத்துக்கு ஒரு விண்ணப்பம். அதே மணத்தில் நிக்கோடின் அளவு மாறினால் இன்னொன்று.

விண்ணப்பம் கொடுக்கும் கெடு பல முறை தள்ளிப்போய், நீதிமன்றம் தலையிட்டபின் 2020 செப்டம்பர் 9 என்று முடிவாயிற்று. சுமார் 500 நிறுவனங்களிடமிருந்து 65 லட்சத்துக்கும் மேற்பட்ட பண்டங்களுக்கு விண்ணப்பம் வந்தது. அவற்றில் ஒரே நிறுவனத்தின் 45 லட்சம் பண்டங்கள், சுற்றுச்சூழல் அறிக்கை சரியாக இல்லை என்ற காரணத்தால் பரிசீலனைக்கே எடுக்கப்படவில்லை. 2021 ஆகஸ்ட் 26 அன்று மூன்று நிறுவனங்களின் 55 ஆயிரம் மணமூட்டிய பண்டங்கள் நிராகரிக்கப்பட்டன. தொடர்ந்து நிராகரிப்புகள் லட்சக் கணக்கில் சென்றன. முதல் அனுமதி அதே ஆண்டு அக்டோபர் 12-ல் வந்தது. பெற்றது ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற பெரிய சிகரெட் கம்பெனியின் ‘வியூஸ்’. நிராகரிப்பை எதிர்த்துச் சிறு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசு நிர்வாகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

சிறியவர்களுக்குச் சலுகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 150 பேருக்கு மிகாமல் ஆள் வைத்து, ஆண்டு வருமானம் 50 லட்சம் டாலருக்கு மிகாதவர்களைச் சிறு உற்பத்தியாளர் என வகுத்து, சில தஸ்தாவேஜுகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் கிடைத்தது. ஆய்வுக்குப் பணம் கிடைக்கவில்லை.

அரசின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 2019-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் மின் சிகரெட் இழுப்பவர்களாக இருந்தார்கள். மிட்டாய் மணமும் பழ மணமும் பிள்ளைகளை இழுத்தன. எந்த அரசும் கைகட்டிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் விளைவு நினைத்தபடி முழுமையாக வரவில்லை. முறையாகப் பெயர் கொடுத்து விண்ணப்பித்த சிறு கடைக்காரர் மூடிக்கொண்டு போனார். அனுமதி ஏதும் இல்லாத, ஒரு முறை இழுத்து எறியும் சீனத்துச் சரக்கு அந்த இடத்தில் வந்து நிரம்பிற்று. சிகரெட்டை விட்டுவிட்டு இந்தத் திரவத்தை நம்பியிருந்த பெரியவர்களுக்கு மூன்று வழிகள் மிஞ்சின. பெரிய கம்பெனியின் ஒன்றிரண்டு மணங்கள், திருட்டுச் சரக்கு, அல்லது பழைய சிகரெட்.

பண்ணைக்குள் நுழையக் கூடாது

அதே 2009 சட்டத்தில் அமெரிக்கப் புகையிலை விவசாயிக்கு மட்டும் ஒரு வேலி போட்டிருக்கிறார்கள். நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. உற்பத்தியாளர் கைக்குப் போகாத இலைக்கு இச்சட்டம் பொருந்தாது. இலை பயிரிடுபவர், இலைக் கிடங்குக்காரர், விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஆகியோர் மீது நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை. விவசாயியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் நிர்வாகத்தின் ஊழியர் அவர் பண்ணைக்குள் காலெடுத்து வைக்கவும் அதிகாரம் இல்லை. அவரே பண்டமும் செய்தால், அந்த வேலையின் அளவுக்கு மட்டும் சட்டம் பொருந்தும். இத்தனையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அங்கே விவசாயிக்கு வாய் இருந்தது. திரவம் கலக்கும் கடைக்காரருக்கு 2009-ல் அந்த வாய் இல்லை, தொழிலே அப்போதுதான் தலையெடுத்தது. சட்டம் இறுதியான பிறகு அவர் எழுப்பிய கூக்குரல் பத்தாண்டு வழக்காகி, தோல்வியில் முடிந்தது.

முன்வரைவுக் காலத்தில் எழுதிக் கொடுத்ததற்குப் பலன் உண்டு என்பதற்கும் அங்கேயே ஒரு சான்று இருக்கிறது. கையால் சுற்றும் உயர்ரகச் சுருட்டை இளைஞர்கள் அதிகம் நாடுவதில்லை, சிகரெட் போல நாள் முழுதும் யாரும் புகைப்பதில்லை என்ற விவரங்களைச் சுருட்டுத் தரப்பினர் 2014-லேயே ஆதாரத்தோடு கொடுத்திருந்தார்கள். நிர்வாகம் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டு, 2023-ல் அந்தச் சுருட்டுக்கு மட்டும் விதியை ரத்து செய்தது. கொடுத்த காகிதம் ஒன்பது வருடம் கழித்துப் பேசிற்று.

இதனால் அமெரிக்கப் புகையிலை விவசாயி சுகமாக இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். 1938 முதல் இருந்த ஒதுக்கீட்டு முறையை 2004-ல் நீக்கினார்கள். ஒதுக்கீட்டு உரிமையாளருக்குப் பவுண்டுக்கு 7 டாலர், பயிரிட்டவருக்கு 3 டாலர் வீதம் பத்தாண்டுத் தவணையில் கொடுத்து, சுமார் 1,000 கோடி டாலரைச் சிகரெட் கம்பெனிகளிடமிருந்தே வசூலித்தார்கள். 2002-ல் ஏறக்குறைய 57 ஆயிரமாக இருந்த புகையிலைப் பண்ணைகள் 2022-ல் 3 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. ஆயினும் வெளியேறியவர்களில் பலர் கையில் காசோடு வெளியேறினார்கள். இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இங்கே நிலை என்ன?

இந்தியாவில் மின் சிகரெட் விஷயம் ஒரே வீச்சில் முடிந்தது. 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். செய்வது, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு செல்வது, விற்பது, இருப்பு வைப்பது, விளம்பரம் எல்லாம் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே நிக்கோடின் திரவத்துக்கு உள்நாட்டுச் சந்தை கிடையாது. புகையிலைக் கழிவிலிருந்து நிக்கோடின் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. அசுவினிக்குப் புகையிலைக் கஷாயம் அடித்துப் பழகிய விவசாயிக்கு இதன் வீரியம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனி ஈரத்தோடு இலையைக் கட்டித் தூக்கும் ஆட்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதே நிக்கோடின் தோல் வழியாக உள்ளே போவதால்தான். கையுறையும் முழுக்கைச் சட்டையும் வீண் செலவல்ல.

மெல்லும் புகையிலையைப் பற்றிய பிரச்சினை வேறு விதம். 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் புகையில்லாப் புகையிலை உபயோகிப்பவர்கள். வாய்ப் புற்றுநோய் இங்கே மிகுந்திருப்பதற்கு இதுவே தலையாய காரணம். குட்கா, பான் மசாலா, புகையிலை கலந்த உண்பண்டங்களைத் தமிழக அரசு 2013-லிருந்து ஆண்டுதோறும் ஆணை போட்டுத் தடுத்து வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பயிரிடத் தடையில்லை. விளைந்ததை உள்ளூர்க் கடையில் பண்டமாகப் பார்க்க முடியாது. வாங்கும் கை குறையக் குறைய விலை வியாபாரியின் வாயில்தான் இருக்கும்.

ஆந்திர, கர்நாடக வர்ஜீனியாப் புகையிலைக்கு 1976 முதல் குண்டூரில் தலைமையகம் கொண்ட புகையிலை வாரியம் இருக்கிறது. பதிவு, ஏலக் களம், விலை விவரம் எல்லாம் உண்டு. அரசிடம் பேசவும் ஆள் உண்டு. நம் மெல்லும் புகையிலைக்கு அந்த வாரியத்தின் ஏலமும் இல்லை, பதிவும் இல்லை. சட்ட முன்வரைவு வரும்போது நம் தரப்பைச் சொல்ல ஆளில்லாமல் போவதற்கு முதல் காரணம் இதுவே.

மாற்றுப் பயிர் செய்யுங்கள் என்று சொல்வது எளிது. மெல்லும் புகையிலை விளையும் கிணறுகளில் பல உப்புக் கிணறுகள். வர்ஜீனியா இலையை அந்த நீர் கெடுக்கும், எரியும் தன்மை போய்விடும். மெல்லும் இலைக்கோ அதுவே தரம் தருகிறது. அதே நீரை வெங்காயத்துக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். மிளகாயும் மக்காச்சோளமும் தாங்குவது குறைவு. பருத்தியும் சோளமும் ஓரளவு தாங்கும். எனவே ஒரே யோசனையை எல்லா ஊருக்கும் சொல்ல முடியாது, கிணற்றுக்குக் கிணறு பார்த்துத்தான் சொல்லவேண்டும். 2015-16 முதல் புகையிலைக்கு மாற்றாக வேறு பயிர் செய்ய உதவும் மத்தியத் திட்டத்தில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இதைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். கேட்கப் போகுமுன் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பின் அளவு எழுதிய சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ஆவது பிரிவு, புகையிலை பயிரிடுவோருக்கும் தொழிலாளருக்கும் பிழைக்கத்தக்க மாற்று வழிகளுக்கு அரசுகள் துணைசெய்ய வேண்டும் என்கிறது. மனு எழுதுகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

2020 முன்வரைவுக்குக் கருத்துச் சொல்லக் கொடுத்த அவகாசம் ஒரு மாதம், 2021 ஜனவரி முடிய. பொங்கல் வேலையும் புகையிலை வெட்டும் சேர்ந்து வரும் மாதம் அது. அடுத்த முறையும் மாதம் பார்த்து வரப்போவதில்லை. ஆகவே ஊருக்கு ஒரு மனு இப்போதே எழுதி வைக்கலாம். பயிரிடுவோர் எத்தனை பேர், மொத்தம் எத்தனை ஏக்கர், நீரின் உப்பளவு என்ன, பாடம் செய்வது வயல் களத்திலா வேறிடத்திலா, சரக்கு பொட்டலமாகப் போகிறதா சிப்பமாகப் போகிறதா என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கேட்க வேண்டியது ஒரு வரி: தன் நிலத்தில் விளைந்த இலையைத் தானே பாடம் செய்து சிப்பமாக விற்கும் விவசாயி, ‘உற்பத்தியாளர்’ என்ற விளக்கத்தில் அடங்கமாட்டார்.